சுனைக்கு ஒரு கதவு

கூகைமலையில் நடந்தது இது. அங்கே அருவியில் நடந்தது என்று சொல்வாரும் உண்டு. சுனையில் என்பதே பெருவழக்கு.

மலையுச்சி ஆசிரமத்தில் உலகம்மை குருவாக இருந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று வந்த அறவாழி அவருடைய சீடர், வயதில் மூத்தவர். சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை அண்ணா என்பார்.

சென்ற கோடையில், மலை பார்க்க வந்த கூட்டம் குளித்தும் மொண்டும் சுனையை வற்றடித்தது. நீர் தேடி இறங்கிய கடமான் ஒன்று சேற்றில் சிக்கி இறந்தது. அதைக் கண்ட நாள் முதல் அறவாழிக்கு வேறு நினைவில்லை. நீர்மட்டம் அளக்கும் கருவியைச் சுனைக்குள் இறக்கினார். எத்தனை பேர் போனால் எவ்வளவு இறங்குகிறது என்று மாதக்கணக்காகத் தரவு சேர்த்து, ஒரு குறி வகுத்தார். மட்டம் குறிக்குக் கீழே போனால் சுனை வாசலில் அவர் அமைத்த கதவு தானே பூட்டிக்கொள்ளும், மேலே சிவப்பு விளக்கு எரியும். ஊறி ஏறினால் பச்சை. அடிவாரத்திலேயே வருவோர் கைப்பேசிக்குச் செய்தி போய்விடும்.

ஊர்ச் சபையார் ஒரு நாள் வெள்ளோட்டத்துக்கு இசைந்தனர். அன்று கதவு தோற்றால் கழற்றிவிட வேண்டும் என்பது பேச்சு.

அந்த நாளில் அறவாழி கல்யாண வீட்டுக்காரரைப் போல் ஓடிக்கொண்டிருந்தார். சிவப்பு என்றறிந்து பாதிப் பேர் கிழக்குப் பாறைக்கும், சாமைச்சோறு ஆக்கிப்போடும் வீடுகளுக்கும் பிரிந்து போயினர். மட்டம் மெல்ல ஏறுவதைத் திரையில் காணக் காண அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

எஞ்சியோர் வரிசையில் நின்றனர். முன்னால் நின்ற பட்டுச்சட்டைக்காரர், தம் மைத்துனர் தாசில்தார் என்றார். அவர் வந்தாலும் உங்கள் பின்னால்தான் நிறுத்துவோம் என்று அறவாழி கும்பிட்டார். கூட்டம் சிரித்தது.

அப்போது உலகம்மை இடுப்பில் குடத்துடன் வந்தார். நாள்தோறும் வருவதுதான். வரிசை விலகி வழிவிட்டது. விளக்கு சிவப்பாகவே எரிந்தது. குருவின் முகத்துக்கு நேரே கதவு மூடிக் கிடப்பதா என்று அறவாழிக்கு உடல் கூசிற்று. அவசரத்துக்குக் கதவைத் திறக்க வைத்திருந்த சாவிக்குக் கை தானாகப் போயிற்று.

"இப்பத் தொறக்கும் பாருங்க," என்றார் பட்டுச்சட்டைக்காரர். "நம்ம தலைக்குத்தான் சிவப்பு. அம்மா தலையக் கண்டா பச்சை."

உலகம்மை கதவருகே நின்றார். "என்ன அண்ணா, சிவப்பா?"

"அது வந்து போகிறவர்களுக்கு, அம்மா. நீங்கள் இங்கேயே இருப்பவர். ஒரு குடம்தானே?"

"மட்டம் இறங்கினால், யார் குடத்தால் இறங்கியது என்றும் உங்கள் கருவி சொல்லுமா?"

அறவாழி சாவியை எடுத்து வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

உலகம்மை குடத்தை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். தேர் பார்க்க வந்தவரைப் போல் அவர் முகம் மலர்ந்திருந்தது.

"வரிசையில கடைசி ஆள் யாருங்க?"