முதல் துண்டு

அபரஞ்சி அம்மாளின் ஆசிரமம் மலைச்சரிவில் இருந்தது. ஆசிரமம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ரொட்டி அடுப்பு, மேலே ஓட்டுக்கூரை, கேள்வியோடு வந்து சேரும் சிலர்.

அவர்களில் தணிகாசலம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். குருவான அம்மாளைவிட வயதில் மூத்தவர். பட்டாளத்தில் இருந்தவர். மாவு பிசையும்போதும் விறைப்பாகத்தான் நிற்பார்.

பிளம்ஸ் பழுக்கும் காலத்தில் அம்மாள் புட்டிங் செய்வாள். தகரத் தட்டின் அடியில் சர்க்கரைப் பாகு, அதன்மேல் பழம், அதன்மேல் மாவு. வெந்ததும் சூடு ஆறுமுன் கவிழ்க்க வேண்டும். தாமதித்தால் பாகு இறுகிப் பழம் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

முதல் துண்டு, பழம் பறித்தவருக்கு. அது அந்த அடுப்பின் வழக்கம்.

அந்த வருடம் எஸ்டேட் முதலாளி சௌந்தரபாண்டியன் விருந்தினர்களோடு வந்தார். அடுப்பு இருந்த நிலம் அவருடையது.

"வாசனை வாசல் வரைக்கும் வருதே! முதல் துண்டை வெட்டுங்கம்மா."

"சடையம்மா வரட்டும். அவங்க பறிச்ச பழம்."

"யாரு, எங்க தோட்டத்துல கூலிக்குப் பறிக்கிறவளா?"

"அவங்கதான்."

விருந்தினர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"அம்மா, பாகு இறுகுது" என்றார் தணிகாசலம் காதோரமாக.

"இறுகட்டும்."

"அவர் முகமும் இறுகுது."

"அதுவும் இறுகட்டும்."

கடைசியில் சடையம்மாள் கூடையோடு மேட்டில் ஏறி வந்தாள். முதலாளியைக் கண்டதும் ஒதுங்கி நின்றாள்.

அம்மாள் தகரத்தைக் கவிழ்த்தாள். பாதிதான் விழுந்தது. மீதிப் பழம் தகரத்தில் ஒட்டிக்கொண்டது. அதைக் கரண்டியால் சுரண்டி, உடைந்த இடத்தில் அப்பி, ஒரு துண்டு வெட்டினாள்.

"உட்காருங்க சடையம்மா."

"எனக்கெதுக்குத் தாயி? ஐயா சாப்பிடட்டும்."

"ஐயாவுக்கு அடுத்தது. நீங்க உட்காருங்க."

"அவளுக்குக் கொடுத்தீங்கன்னா இந்த இடத்தைக் காலி பண்ணணும்" என்றார் முதலாளி.

அம்மாள் தட்டைச் சடையம்மாளின் கையில் வைத்தாள்.

சடையம்மாள் தட்டைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கிவிட்டு, எல்லோர் நடுவிலும் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு வாய் வைத்தாள்.

"புளிப்புத் தூக்கலா இருக்கு தாயி."

"நீங்க பறிச்சதுதானே."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று மறுவாய் எடுத்தாள்.

அம்மாள் இரண்டாம் துண்டை வெட்டி முதலாளியிடம் நீட்டினாள். அவர் எழுந்தார்.

"நாளைக்கு ஆள் வரும். இடத்தை ஒப்படைச்சிடுங்க."

வண்டி கிளம்பிப் போனது. விருந்தினர்களில் ஒருவர் மட்டும் புட்டிங்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

தணிகாசலத்தால் பொறுக்க முடியவில்லை.

"முதல் துண்டானா என்ன, ரெண்டாவதானா என்ன? எல்லாம் ஒரே தகரத்துல வெந்ததுதானே? இதுக்காக அடுப்பையே விடணுமாம்மா?"

அம்மாள் முதலாளிக்கு வெட்டிய துண்டைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தாள்.

"சாப்பிட்டுச் சொல்லுங்க. அதே ருசிதானே?"

"அதேதான்."

"அப்புறம் அவர் ஏன் எழுந்து போனார்?"