மாமாவின் பிளக்குக்கு வந்த மரியாதை

பனிக்கொம்பை மலைக்காரர்களை முட்டாள்கள் என்று அடிவாரத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். சொன்னதைச் சொன்னபடியே கேட்கிற மனுஷர்களை முட்டாள் என்பது என்ன நியாயம்? அவர்களிடம் பேசுகிறவர்கள்தான் கொஞ்சம் யோசித்துப் பேச வேண்டும்.

அந்த ஊர்ப் பொன்னுரங்கனுக்கு ஒரு கல்யாணம் கூடி வந்தது. பெண், அடிவாரத்தில் டீசல் வண்டிக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ராக்கியண்ணனின் மகள் கோகிலவாணி. வேனுக்கு ஆயில் மாற்றப் போன இடத்தில் பார்த்தவன்தான், அப்புறம் தேவை இருக்கிறதோ இல்லையோ வாராவாரம் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தான். அவள் இல்லாமல் உயிரோடு இருப்பது கஷ்டம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

முதலில் குறித்த நிச்சய நாளில், மலைக் குளிரில் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. பெண் வீட்டார் பந்தலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். இரண்டாவது தேதி குறித்தபோது ராக்கியண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பன்னெண்டு மணியோட நல்ல நேரம் முடியுது. அதுக்குள்ள உங்க வண்டி எங்க வாசல்ல வந்து நிக்கோணும். இந்தத் தடவையும் வர்லீன்னா பொண்ண வேற பக்கம் பாத்துக்குவேன்."

விடிந்தும் விடியாமலும் நாலு பேர் வேனில் ஏறினார்கள். பொன்னுரங்கனின் தாய்மாமன் செவந்தியப்பன், பங்காளிகள் குட்டியப்பன், நாச்சிமுத்து, கடைசியாக மாப்பிள்ளை. பெண்டுகள் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். அவர்களுக்கு வேனையும் தெரியும், ஓட்டுகிறவர்களையும் தெரியும்.

பொன்னுரங்கன் சாவியைப் பாதி திருப்பினான். டேஷ்போர்டில் சுருள் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சினுக்குள் ஹீட்டர் பிளக்குகள் சூடாகின்றன என்று அதற்கு அர்த்தம். விளக்கு தானாக அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். விளக்கும் முறைப்படி அணைந்தது. மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப வெளக்கு அணையுதே, மாப்ள. மறுக்கா ஏத்து."

"அது அணையோணுமுங்க, மாமா."

"எந்த ஊர்ல வெளக்கு அணைஞ்சா நல்லதும்பாங்க? ஏத்துடா."

சாவியை மூடித் திறந்தான், எரிந்தது. அணைந்தது. மறுபடி ஏற்றினான். விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் குட்டியப்பன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். வெயில் எட்டிப் பார்க்கும் வரை ஏற்றிக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு தடவை அவர் தும்மிய நேரத்தில் பொன்னுரங்கன் சாவியை முழுசாகத் திருப்பிப் பார்த்தான். எஞ்சின் இருமியது, கிளம்பவில்லை.

வேறு வழியில்லாமல் ராக்கியண்ணனுக்கு ஃபோன் போட்டார்கள்.

"மொதல்ல ஹீட்டர் ஃபியூசப் பாருங்க, சம்பந்தி," என்றார் அவர்.

நாலு பேரும் இறங்கி, பெட்டியைத் திறந்து, ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்கள்.

"பாத்துட்டமுங்க."

"கம்பி அறுந்திருக்குதா?"

"அதப் பாக்கச் சொல்லலீங்களே," என்றார் மாமா. திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். அறுந்திருக்கவில்லை.

ராக்கியண்ணன் மூச்சை இழுத்து விட்டது ஃபோனில் கேட்டது. "சரி. பிளக்குத் தலைல இருக்கற ஒயரையெல்லாம் கழட்டீருங்க. நான் குடுத்த டெஸ்ட் லைட்டு இருக்குதல்லோ, அதோட கிளிப்ப பேட்டரி பிளஸ்ல மாட்டி, முனைய ஒவ்வொரு பிளக்குத் தலைலயும் வெச்சுப் பாருங்க. லைட்டு எரிஞ்சா அது நல்ல பிளக்கு. எரியலீன்னா அது போச்சு. போனதப் பாத்து எனக்குச் சொல்லுங்க."

எஞ்சினில் பிளக் நாலு, ஆளும் நாலு. பனிக்கொம்பையில் பந்தியானாலும் பஞ்சாயத்தானாலும் வயசுப்படிதான் வரிசை. அதனால் முன்னால் இருக்கும் முதல் பிளக் மாமாவுடையது, அடுத்தது குட்டியப்பனுடையது, மூன்றாவது நாச்சிமுத்துவுடையது, கடைசி மாப்பிள்ளையுடையது என்று பேச்சே இல்லாமல் முடிவாகிவிட்டது.

பெரியவரை முதலில் சோதிப்பது மரியாதையில்லை என்று கடைசியிலிருந்து ஆரம்பித்தார்கள். பொன்னுரங்கனின் பிளக்கில் லைட் எரிந்தது. நாச்சிமுத்துவுக்கும் எரிந்தது, குட்டியப்பனுக்கும் எரிந்தது. மாமா வேட்டியைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்து நின்றார். அவருடைய பிளக்கில் லைட் எரியவில்லை.

நாச்சிமுத்து டெஸ்ட் லைட்டை உதறி மறுபடி வைத்தார். எரியவில்லை.

"வெளிச்சத்துல தெரியாம இருக்குமுங்க, மாமா," என்றார் குட்டியப்பன்.

"என்னுது போயிருச்சுன்னு நேராச் சொல்லுங்கப்பா," என்றார் மாமா.

"அதெப்படிங்க வாய்ல வரும்?"

மாமாவைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு மூன்று பேரும் கூடிப் பேசினார்கள்.

"சம்பந்திகிட்டச் சொன்னா அதக் கழட்டி வீசச் சொல்லுவாரு," என்றார் நாச்சிமுத்து. "மாமனக் கழட்டி வீசிட்டு நிச்சயத்துக்குப் போறதா?"

"வீச வேண்டாம். இருக்கட்டும்," என்றார் குட்டியப்பன். "ஆனா பெரியவரு அணைஞ்சு கெடக்கறப்ப சின்னவங்க நாம பளபளன்னு எரியறது மட்டும் மொறையா?"

முறையில்லை என்று மூன்று பேருக்கும் பட்டது. நல்ல பிளக் மூன்றின் ஒயர்களையும் மாட்டாமல் தொங்க விட்டார்கள். மாமாவின் பிளக்குக்கு மட்டும் ஒயரை மாட்டி, நெற்றியில் வைப்பதுபோல் அதற்குக் குங்குமமும் வைத்தார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன் சீட்டுக்கு வந்தார். பொன்னுரங்கன் சாவியைத் திருப்பினான். விளக்கு ஏற்றி ஏற்றி பேட்டரியும் தீர்ந்துபோயிருந்தது. வேனிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அப்போது அடிவாரம் போகும் பஸ் வந்து நின்றது. டிரைவர் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார். வண்டி வந்து நிற்கவேண்டும் என்றுதான் சம்பந்தி சொன்னாரே தவிர ஆள் வரவேண்டும் என்று சொல்லவில்லையே என்று மாமா விளக்கினார். டிரைவர் பஸ்ஸிலிருந்த ஆட்களை இறக்கி வேனைத் தள்ளிவிடச் செய்தார். நல்ல மனுஷன்.

வேன் கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் இல்லாமலே இறங்கியது. பாதி மலையில் எதிரே லாரி வரவும், பயத்தில் பொன்னுரங்கன் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டான். கீழே காற்றும் வெதுவெதுப்பாகியிருந்தது. வேன் ஒரு உதறு உதறி, கரும்புகை கக்கி, ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"பாத்தீங்களா," என்றார் குட்டியப்பன். "மரியாத குடுத்தா எஞ்சினுக்கும் புரியுது."

பன்னிரண்டு அடிக்க அரை மணி இருக்கும்போது வேன் ராக்கியண்ணன் வாசலில் நின்றது. பொன்னுரங்கனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. ராக்கியண்ணன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மெக்கானிக் கை, பானெட்டைத் திறந்துவிட்டது. தொங்கிய ஒயர்களையும் குங்குமத்தையும் பார்த்தார். காரணம் கேட்கப் பயந்து, ஒர்க்‌ஷாப்புக்குள் போய் ஒரு புதுப் பிளக் எடுத்து வந்து மாமாவுடையதைக் கழற்றி மாட்டினார். டெஸ்ட் லைட்டை வைத்துப் பார்த்தார், நாலிலும் எரிந்தது. ஒயர் நாலையும் இணைத்தார்.

"வேல முடிஞ்சுது. வாங்க, தட்டு மாத்தலாம்."

மாமா அசையவில்லை. "சம்பந்தி, இப்ப மாட்டுனீங்களே, அது இன்னிக்குப் பொறந்த பிளக்கு. அப்பறம் நான் எப்படிப் பெரியவனாவேன்? நாலு பேர்ல நான்தான் இப்ப கடைசி."

பங்காளிகளுக்கும் அது நியாயமாகப் பட்டது. மூத்தவராகிவிட்ட குட்டியப்பன் தட்டைக் கையில் எடுத்தார். எல்லாருக்கும் கடைசியானவன்தானே மாப்பிள்ளை என்று நாச்சிமுத்து கணக்குப் போட்டார். அறுபதை நெருங்கும் செவந்தியப்பனைப் பிடித்து மணையில் உட்கார வைத்து மாலையைப் போட்டார்கள். அவர் கூச்சத்தோடு, "எங்க ஊட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். அந்த அம்மாள் அங்கேதான், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பொன்னுரங்கன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கோகிலவாணி உள்ளே இருந்து வந்தாள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவின் கையில் ஸ்பேனரைக் கொடுத்தாள்.

"அப்பா, பழசையே மாட்டி உடுங்க."

ஆயுசு முழுக்கச் செத்த பிளக்கைக் கழற்றி நல்லதை மாட்டிய ராக்கியண்ணன், அன்றைக்கு நல்லதைக் கழற்றிச் செத்ததை மாட்டினார். மற்ற மூன்று ஒயர்களையும் அவரே பிடுங்கித் தொங்க விட்டார். மாமாவுக்கு வயசு திரும்பி வந்தது. மாலை பொன்னுரங்கன் கழுத்துக்குப் போனது. பன்னிரண்டு அடிக்கும் முன் தட்டு மாறியது. புதுப் பிளக்கை ராக்கியண்ணன் தேங்காய் பழத்தோடு சீர்த்தட்டில் வைத்து, ஊருக்குப் போனதும் மாமாவுக்குத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும்படி மருமகன் காதில் சொன்னார்.

கல்யாணத்தன்று காலையில் பனிக்கொம்பையிலிருந்து ராக்கியண்ணனுக்கு ஃபோன் வந்தது.

"மாமா, வண்டி ஸ்டார்ட் ஆகலீங்க," என்றான் பொன்னுரங்கன்.

"புதுப் பிளக்கு எங்கடா?"

"பத்தரமா பீரோவுல இருக்குதுங்க. சீர்ல வந்த பொருளக் கல்யாணத்துக்கு முந்தி எடுத்துப் பொழங்கலாமுங்களா?"