பத்து நிமிஷத்தின் கதை

அந்த நூல்மில் மேனேஜர் சபாபதி, 'தொலைத்த நேரம் திரும்பக் கிடைக்காது' என்று அமெரிக்க மேதை பிராங்க்ளின் சொன்னதைப் பெரிதாக எழுதி வாசலில் மாட்டியிருந்தார். ஒருநாள் பஸ் பழுதாகி, அங்கே வேலை செய்யும் ராமாத்தாள் பத்து நிமிஷம் பிந்தி ஓடி வந்தாள்.

எல்லோர் முன்னாலும் அவளை நிறுத்தினார்.

"இதைப் படிச்சியா? தொலைச்ச பத்து நிமிஷத்தை அப்படியே திருப்பிக் கொடு. இல்லாட்டி உனக்கு வேலை கிடையாது."

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் அவள் தலை குனியவில்லை.

"குடுக்கறனுங்க. தினமும் சாயந்திரம் சங்கு ஊதினப்புறம், பைச் சோதனைன்னு அரைமணி நேரம் எங்களை வாசல் கேட்டுல நிறுத்தறீங்களே, அதுல பத்தை எடுத்துக்குங்க. மிச்சம் இருபதை எனக்குக் குடுத்துருங்க."

"எங்களுக்கு முழுசா அரைமணி!" என்றார்கள் மற்ற பெண்கள்.

சபாபதி அவளை உள்ளே போகக் கை காட்டினார். அன்று சாயந்திரம் சங்கு ஊதியதுமே கேட் திறந்தது.