தீராத எண்ணெய்

நம்பாதவர்கள் உளுந்தங்குழிக்குப் போய் அந்தக் கல்யாணப் பந்தலைப் பார்த்துவிட்டு வரலாம். இதில் பாதிதான் பொய்.

மாசிலாமணிக்குப் பெண் கொடுக்க அங்கமுத்து ஒரே நிபந்தனைதான் போட்டார். "தாம்பூலப் பையில போட வெள்ளிக்கிழமைக்குள்ள தொண்ணூறு சோப்பு செஞ்சு காட்டு. இல்லேன்னா பூங்கோதை உனக்கில்ல."

பூங்கோதை என்றால் மாசிலாமணிக்கு உயிர். ஆறு கிலோ தேங்காயெண்ணெய், மூன்று கிலோ காஸ்டிக் சோடா, கூட்டாளிகள் வீரபுத்திரன், கச்சிராயன் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு சோப்புக்காரர் ராவுத்தரிடம் ஓடினான்.

"ஆறு கிலோ எண்ணெய்க்கு ஒரு கிலோ சோடாதான் பிடிக்கும். தொண்ணூறு கட்டி தேறும்" என்றார் ராவுத்தர். "அதோட எண்ணெய் தீர்ந்துரும். ரெண்டு கிலோ சோடா சும்மா மிஞ்சும். எது முதல்ல தீருதோ அதோட சோப்பும் நின்னுரும் தம்பி."

மூவரும் வழிநெடுக அழுதார்கள்.

"எண்ணெய் தீர்ந்தா சோப்பு நின்னுருமாமே!" என்றான் வீரபுத்திரன்.

"சோடா பாவம், அது பாட்டுக்கு இருக்கு. இந்த எண்ணெய்தான்டா குழிபறிக்குது" என்றான் கச்சிராயன்.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அதைத் தீரவே விடாம இருந்துட்டா?"

எண்ணெய் டின் டிரங்குப் பெட்டிக்குள் போனது. பூட்டிவிட்டு, முறைபோட்டு மேலே உட்கார்ந்தார்கள். தலைக்கு வைக்க ஒரு சொட்டு கேட்டான் கச்சிராயன்.

"அடப்பாவி! என் கல்யாணத்தையே தலையில தேய்ச்சுக்கப் பாக்குறியா?"

வெள்ளிக்கிழமை அங்கமுத்து வந்தார். "சோப்பு எங்க?"

"ஒண்ணுகூட ஆகல மாமா. ஆனா ஆறு கிலோவும் அப்படியே இருக்கு பாருங்க. இனிமே சோப்பு நிக்கவே நிக்காது!"

அங்கமுத்து டின்னை எட்டிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "முன்னாடி ஒருத்தன் வந்தான், ஊதாரிப்பய. ஒரே நாள்ல எண்ணெயைத் தீர்த்துட்டுத் தொண்ணூறு கட்டியோட வந்து நின்னான். நீதான்யா என் மாப்பிள்ளை!"

முகூர்த்த நாள். மேளம் கொட்ட, மாசிலாமணி தாலியை எடுத்தான். அங்கமுத்து அலறிக்கொண்டு குறுக்கே பாய்ந்தார்.

"நிறுத்துங்க! அரிசி நாப்பது மூட்டை இருக்கு, மேளம் ரெண்டு செட்டு இருக்கு, பொண்ணு ஒருத்திதானே இருக்கா? அவளைக் குடுத்துட்டா தீர்ந்துச்சு. கல்யாணம் அதோட நின்னுரும்!"

மாசிலாமணி தாலியைத் தட்டிலேயே வைத்தான். "தெய்வம் மாதிரி சொன்னீங்க மாமா."

பதினோரு வருஷம் ஆகிறது. மாசிலாமணி இன்னும் மணையில்தான் இருக்கிறான், தினம் ஒரு புது மாலையோடு. வழிப்போக்கர் யாராவது, "என்னப்பா, கல்யாணம் முடியலையா?" என்று கேட்டால் பெருமையாகச் சிரிக்கிறான்.

"எப்படிங்க முடியும்? பொண்ணு அப்படியே இருக்காளே!"