ஆமை பார்த்த இலைகள்

குளக்கரை மருதமரப் பொந்தில் காட்டு விலங்குகளின் பொதுத் தானியக் கிடங்கு இருந்தது. தானியத்தில் ஆசையில்லாத ஆமைதான் அதற்குக் காவல்.

சேமிப்பவர் கழுத்தில் நாவல் இலை. கடன் வாங்குபவருக்கு எருக்கிலை. கடன்காரர் தராவிட்டால் தான் தருவதாக ஜாமீன் நிற்பவருக்கு வேப்பிலை. ஆமை இலையைத்தான் பார்க்கும். முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

அடைமழையில் மின்னி என்ற அணிலின் கூடு கரைந்துபோனது. குட்டிகள் பசியில் கத்தக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தன. மின்னி நடுங்கிக்கொண்டே கிடங்குக்கு ஓடினாள்.

"ஐயா, என் சேமிப்பிலிருந்து கொஞ்சம்…"

"அறுவடைக்கு முன்னால் சேமிப்பைத் தொடக்கூடாது!"

"அப்படியானால் கடனாகவாவது கொடுங்கள்!"

"நீ நாவல் இலை. கடன் எருக்கிலைக்குத்தான். வேண்டுமானால் நாவல் இலையைக் கழற்றிவிட்டு வா. ஆனால் உன் சேமிப்பு போய்விடும்!"

மின்னி கணக்குப் போட்டாள். சேமிப்பை விட்டால் கோடையில் பட்டினி. விடாவிட்டால் இன்றே பட்டினி.

அப்போது எருக்கிலையோடு, காது கிழிந்த ஒரு பெருச்சாளி வந்தான். "இருப்பதையெல்லாம் கடனாகக் கொடுங்கள்!"

"ஜாமீன் யார்?"

"வெளியே நிற்கிறார். இதோ அனுப்புகிறேன்!"

வெளியே போனவன் வேப்பிலையோடு திரும்பினான். "அந்தப் பெருச்சாளி தங்கமானவன். அவனுக்கு நான் ஜாமீன்!"

அதே கிழிந்த காது! மின்னி அதையே உற்றுப் பார்த்தாள்.

"என்ன முறைக்கிறாய், வால்காரி?" என்று பெருச்சாளி உறுமினான்.

அதற்குள் ஆமை தானிய மூட்டையை அவன் பக்கம் நகர்த்தத் தொடங்கிவிட்டது. அது போனால் குட்டிகளுக்கு ஒரு மணிகூட மிஞ்சாது.

"ஐயா!" என்று கீச்சிட்டாள். "கடன்காரரையும் ஜாமீன்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்!"

"நியாயம்தான். கூப்பிடப்பா அவனை!"

"அவன்… அவனுக்கு வயிற்றுவலி!"

"இப்போதுதானே வந்து போனான்?"

ஆமை முதன்முறையாகக் கழுத்தை நீட்டி அவன் முகத்தைப் பார்த்தது. பெருச்சாளி மூட்டையை விட்டுவிட்டு மழையில் ஓடியே போனான்.

ஆமை திகைத்தது. "ஒரே ஆள் இரண்டு இலை கட்டலாமா?"

"தனக்குத்தானே ஜாமீன் நிற்கக்கூடாது, ஐயா. ஆனால் சேமிக்கிற நானே கடனும் வாங்கினால் என்ன கெட்டுவிடும்? நான் திருப்பித் தராவிட்டால் என் சேமிப்பிலேயே கழித்துக்கொள்ளுங்களேன்!"

"அதுவும் சரிதான்!" என்றது ஆமை. பிறகு அவள் கழுத்தில் நாவல் இலையின் பக்கத்திலேயே ஓர் எருக்கிலையையும் கட்டிவிட்டு, "ஓடு, குட்டிகள் காத்திருக்கும்!" என்று தானியத்தை அள்ளிக் கொடுத்தது.

ஒருவரே பல பொறுப்புகளை ஏற்கலாம்; பொறுப்பின் பெயரை மட்டும் பார்த்து ஆளைப் பார்க்காதவர், நல்லவரைத் திருப்பி அனுப்பிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவார்.