வேலிக்குள் ஒரு விருந்து

மலையும் ஆறும் சூழ்ந்த குவளைநாட்டை முன்னொரு காலத்தில் வீரகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுதான், ஆனால் நினைத்தது அன்றைக்கே நடந்தாக வேண்டும். ஒருநாள் வேட்டைக்குப் போனவர் கண்ணில், காடெல்லாம் அழிந்துகிடந்ததால், ஒரு முயல்கூடப் படவில்லை. அரண்மனை திரும்பியதும், "இனி வேட்டை கிடையாது. காட்டை மறுபடி உண்டாக்குங்கள்" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

தோட்ட அதிகாரி வித்தகராயர் முந்திக்கொண்டார். மந்திரி சிற்றம்பலரை ராஜா மதிப்பது அவருக்கு நெடுநாள் உறுத்தல். ஊருக்கொரு சோலை வைத்து, முள்வேலி போட்டு, உள்ளே மான்களை விட்டார். சபையில் ஏகப் பாராட்டு.

கோடை வந்தது. மேய்ச்சல் ஒரு சோலையில், தண்ணீர் இன்னொரு சோலையில். மான்கள் மெலிந்து சாகத் தொடங்கின. சிற்றம்பலருக்கு மனசு கேட்கவில்லை.

"ஓடைக்கரை வழியாகச் சோலைகளை இணைக்க வேண்டும், மகாராஜா" என்றார்.

"மந்திரியாருக்கு என்மேல் பொறாமை" என்று வித்தகராயர் சிரித்தார். அந்த ஓடைக்கரையை வளைத்துத்தான் அவருடைய மாந்தோப்பு இருந்தது.

ராஜா முகம் சுளித்தார். "புல் இருக்கிறது, நீர் இருக்கிறது. வேறென்ன குறை? இருந்தால் என் கண்முன் காட்டும். முடியாவிட்டால் பதவியை விட்டுவிடும்."

கனத்த நெஞ்சோடு வீட்டுக்கு நடந்த சிற்றம்பலருக்குப் பாதி வழியில் ஒரு யோசனை தட்டியது. மறுநாளே ராஜாவையும் சபையையும் விருந்துக்கு அழைத்தார்.

ராஜாவின் பந்தலில் இலை நிறையச் சோறு. குழம்பைக் காணோம்.

"பக்கத்துப் பந்தலில் இருக்கிறது, மகாராஜா" என்றார் சிற்றம்பலர்.

எழுந்து போனால் நடுவே முள்வேலி. பசி தாங்காமல் வெறுஞ்சோற்றை விழுங்கிய ராஜாவுக்கு விக்கல் எடுத்தது. "தண்ணீர் எங்கே?"

"அதற்கு அடுத்த பந்தலில்."

"மகாராணி?"

"கடைசிப் பந்தலில் தங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்."

"என்ன விளையாட்டு இது?"

"சோறு இருக்கிறது, குழம்பு இருக்கிறது, நீரும் இருக்கிறது. போக வழிதான் இல்லை, மகாராஜா. மான்களின் நிலையும் இதுதான்."

விக்கலோடு விக்கலாக ராஜா சிரித்துவிட்டார். "முதலில் இந்த வேலியைப் பிரியுங்கள். பிறகு நாட்டிலுள்ள மற்ற வேலிகளை. ஓடைக்கரையை மறிப்பது யார் தோப்பு?"

வித்தகராயர் தலை குனிந்தார்.

"அந்தத் தோப்பு வேலியை உம் கையாலேயே பிரித்துவிடும்" என்ற ராஜா, காட்டுப் பொறுப்பு முழுவதையும் சிற்றம்பலரிடம் ஒப்படைத்தார்.

அடுத்த மழைக்குப் பின் கரையெல்லாம் பசேலென்று ஆகிவிட்டது. பார்க்கப் போன சிற்றம்பலரை, புதருக்குப் பின்னால் குந்தியிருந்த வித்தகராயர் கையமர்த்தினார்.

"மெல்ல வாரும், மந்திரியாரே. மான் குட்டியோடு தண்ணீருக்கு இறங்குகிறது. தினமும் இந்த நேரத்துக்குத்தான் வரும்."

சிற்றம்பலர் மெல்ல வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.