கனடா பருப்பு

சவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சிறு மடம். அதன் தலைவி மங்கையர்க்கரசிக்கு நாற்பது வயதிருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அறவாழிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. பல நாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்தவர். அந்த வேலை வெறுத்துப்போய் வந்தவர்.

மடத்து நிலத்தில் அவர் சாமை விதைத்தார். கையாலேயே களை எடுத்தார். அறுத்து, குத்திப் புடைத்துத் தானியக் குதிரில் கொட்டிய அன்று, தலைவியிடம் வந்து நின்றார்.

"அம்மா, கனடாவுல பருப்பு விளையுற நிலத்துக்கு எல்லையே தெரியாது. மெஷின்ல ஏறுறவன் ஒருத்தனே அத்தனையும் அறுத்துடுவான். ஹாலந்துல கண்ணாடிக் கூரைக்குள்ள தக்காளி மண்ணையே பார்க்காம பழுக்குது. வியட்நாம்ல மலையைப் படிப்படியா வெட்டி, ஒரு குடும்பமே இடுப்பு ஒடிய நெல் நடுது. இதுல எது உண்மையான விவசாயம்?"

"உங்களுக்கு எது தோணுது?"

"நம்ம கையால விளைஞ்சதை நாமளே சாப்பிடுறதுதான். இனிமே வெளித் தானியம் மடத்துக்குள்ள வரக் கூடாது. நீங்க ஒரு விதி வைக்கணும்."

தலைவி மலை உச்சியைப் பார்த்தார். மேகம் இறங்கி மழை தொடங்கியிருந்தது.

"வைக்கலாம். மழை விடட்டும்."

மழை விடவில்லை. கீழூர் ஏரி உடைந்தது. ஊர் முழுக்கக் குழந்தை குட்டிகளோடு, ஆடுகளோடு மடத்துக்கு ஏறி வந்தது. அறவாழி தயங்கவில்லை. குதிரின் மூடியைத் திறந்து சாமையை வாரி வாரி உலையில் போட்டார். வருஷம் முழுக்க வரும் என்று அவர் நினைத்திருந்த சாமை, மறுநாள் காலைப் பந்தியோடு ஏறக்குறையத் தீர்ந்தது.

அன்று மதியம் தாலுகா அலுவலகத்திலிருந்து ஒரு டிராக்டர் சேற்றில் திணறி வந்து மூட்டைகளை இறக்கியது. ரேஷன் அரிசி. கூடவே கனடா பருப்பு.

அறவாழி பருப்பை அள்ளிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது மனுஷக் கை படாம விளைஞ்சது அம்மா."

"தண்ணி கொதிக்குது," என்றார் தலைவி.

அறவாழி பருப்பை உலையில் போட்டார்.

பந்தியில் கன்னியம்மாள் என்ற பெண் அறவாழியிடம் சாம்பாரை இன்னொரு முறை வாங்கிக்கொண்டாள். அவளுடைய நெல் வயல் ஏரித் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

"நல்லா குழைஞ்சிருக்கு சாமி. எந்த ஊருப் பருப்பு?"

"கனடா. கடல் தாண்டி இருக்கு."

"அவ்வளவு தூரத்துல இருந்தா வருது?" கையில் எடுத்த கவளத்தை ஒரு கணம் பார்த்தாள். "அங்க மழையெல்லாம் பேயுமா?"

"பேயும். சில வருஷம் பொய்க்கும். சில வருஷம் அறுக்கிற நேரத்துல வந்து கெடுத்துடும்."

"அப்ப அவங்களும் பாவம், வானத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் கிடப்பாங்க."

அறவாழிக்கு ஹெரால்டின் ஞாபகம் வந்தது. கனடாவில் அறுவடை இயந்திரம் ஓட்டியவன். ஒரு முறை கருமேகம் திரண்டபோது இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தபடி, விளைந்த பருப்புக்கு நடுவே அண்ணாந்து நின்றான். மேகம் கலையும்வரை அப்படியே நின்றான்.

"ஆமாம்மா," என்றார் அறவாழி. "அவங்களும்தான்."

கூடத்தின் மூலையில் ஒரு கிழவர் காய்ச்சலில் கிடந்தார். சோறு இறங்கவில்லை. தலைவி குதிரின் அடியில் கையை விட்டு, மிச்சமிருந்த சாமையைத் துடைத்து எடுத்துக் கஞ்சி காய்ச்சினார். கிழவரின் தலையை அறவாழி மடியில் ஏந்திக்கொண்டார். கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. கிழவர் கண்ணை மூடி, சீராக மூச்சுவிட்டுத் தூங்கினார்.

வெளியே மழை தூறலாகியிருந்தது. நனைந்த துணிகளைத் தூணுக்குத் தூண் கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே அடுத்த பந்தி உட்கார்ந்திருந்தது. யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

அறவாழி தலைவியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. எது உண்மையான விவசாயம்?"

தலைவி சாம்பார் வாளியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

"கடைசி வரிசைக்கு இன்னும் போகலை. சீக்கிரம் போங்க."